பாரிஸில் கிடைத்த நவாப் பட்டம்

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் என் தங்கை தில்லைநகரிலிருந்து திடீரென்று கிளம்பி ஸ்ரீரங்கம் வந்துவிட்டாள். வழக்கமாக வருவதற்கு முன்னால் இரண்டு தடவை போன் செய்வாள். அன்று செய்யவில்லை. காபி டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு, குடிக்காமலேயே விஷயத்தை ஆரம்பித்தாள். அவள் பிள்ளைக்குத் தைவானில் வேலை கிடைத்திருக்கிறது. சின்ச்சு என்கிற ஊரில் சிப் தயாரிக்கும் கம்பெனி. மூன்று வருஷ ஒப்பந்தம், நல்ல சம்பளம்.

"சம்பளமெல்லாம் இருக்கட்டும் அண்ணா. அது தனி நாடா, இல்லை சைனாவா? நம்ம எம்பஸிகூட அங்கே கிடையாதாமே! நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா யார்கிட்ட போய் நிக்கறது? உலகமே ஒத்துக்காத தேசத்துக்கு எதிர்காலம்னு ஒண்ணு உண்டா?"

நான் 34 வருஷம் பேங்கில் வேலை பார்த்தவன். கடைசிப் பத்து வருஷம் கடன் பிரிவில். கடன் கேட்டு வருபவர் கொண்டுவரும் சிபாரிசுக் கடிதத்தை ஒரு பக்கமாக வைத்துவிட்டு, அவருக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது, அது ஏற்கெனவே யாரிடமாவது அடமானத்தில் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை. ரிட்டையர் ஆன பிறகு சரித்திரப் புத்தகம் படிக்கும்போதும் அந்தப் புத்தி போகவில்லை. தங்கை கேட்டதும் எனக்குத் தைவான் ஞாபகம் வரவில்லை. திருச்சிக் கோட்டைதான் ஞாபகம் வந்தது. ஏனென்றால் 270 வருஷத்துக்கு முன்னால் இதே கேள்வியை இந்த ஊரைப் பற்றி லண்டனிலும் பாரிஸிலும் உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள். அவளிடம் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

ஒரு கோட்டை மட்டும் உள்ள நவாப்

சென்னையில் வாலாஜா சாலை தெரியும் அல்லவா? அந்த வாலாஜா, ஆற்காட்டு நவாப் முகமது அலி. அவருடைய தகப்பனார் அன்வருதீன், ஹைதராபாத் நிஜாம் நியமித்த நவாப். 1748இல் நிஜாம் காலமானார். அவருடைய மகன் நாசிர் ஜங்குக்கும் பேரன் முசாபர் ஜங்குக்கும் வாரிசுச் சண்டை. அதே சமயத்தில், மராத்தியர்களின் சிறையிலிருந்து வெளியே வந்த சந்தா சாகிப், ஆற்காடு தனக்கு வேண்டும் என்று கிளம்பினார். அவர் பக்கம் முசாபர் ஜங்கும், பாண்டிச்சேரி கவர்னர் டூப்ளேயும். 1749 ஆகஸ்டில் ஆம்பூரில் நடந்த சண்டையில் அன்வருதீன் செத்துப்போனார். முகமது அலி தப்பித்து ஓடி வந்து சேர்ந்த இடம்தான் நம் திருச்சி.

அப்போது அவருடைய நிலைமை என்ன? ஆற்காடு சந்தா சாகிப் கையில். நாசிர் ஜங் இவருக்கு நவாப் பட்டம் கொடுத்தார். ஆனால் 1750 டிசம்பரில் நாசிர் ஜங்கே கொல்லப்பட்டார். அதற்குப் பிறகு ஹைதராபாத் கத்தியில் உட்கார்ந்தவர்கள், முதலில் முசாபர் ஜங், பிறகு சலாபத் ஜங், இரண்டு பேருமே பிரெஞ்சுக்காரர்கள் தயவில் உட்கார்ந்தவர்கள். அவர்கள் கணக்கில் நவாப் என்றால் சந்தா சாகிப்தான். ஆக, முகமது அலியிடம் மிச்சம் இருந்தது மலைக்கோட்டையைச் சுற்றியுள்ள மதிலும், செத்துப்போனவர் கொடுத்த ஒரு சன்னதும்.

இன்றைய பாஷையில் சொன்னால், அங்கீகாரம் இல்லாத அரசு. அவரே பயந்துபோய், கோட்டையைக் கொடுத்துவிடுகிறேன் என்று டூப்ளேயிடம் பேரம் பேசிக்கொண்டும் இருந்தார். இன்னொரு பக்கம் ஆங்கிலேயக் கம்பெனியிடம் உதவி கேட்டார். கம்பெனிக்கு இவர் மேல் தனிப் பிரியம் ஒன்றும் கிடையாது. பிரெஞ்சுக்காரன் ஒருவனைத் தூக்கி வைத்தால், இவர்களுக்கும் தூக்கி வைக்க ஓர் ஆள் வேண்டும்.

1751இல் சந்தா சாகிப்பும் பிரெஞ்சுப் படையும் திருச்சியை வளைத்தன. கவனத்தைத் திருப்புவதற்காகக் கிளைவ் போய் ஆற்காட்டைப் பிடித்தது பள்ளிக்கூடப் புத்தகத்தில் வரும். கோட்டைக்குள் இருந்தவர்களின் சாப்பாட்டுக்குப் பெரிய ஆதாரமாக இருந்தது புதுக்கோட்டைத் தொண்டைமான் சீமை என்பது அவ்வளவாக யாருக்கும் தெரியாது. முற்றுகைக் காலம் முழுவதும் அந்தப் பக்கத்திலிருந்து வந்த தானிய வண்டிகளைக் காப்பாற்றுவதே பெரிய யுத்தமாக இருந்தது. ஆக, சோறு அடுத்தவர் சீமையிலிருந்து. சிப்பாய் கம்பெனியிடமிருந்து. சிப்பாய்க்கு ஆகும் செலவு நவாப் பெயரில் பற்று. கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம் இங்கேதான் எழுதப்பட்டது.

ஸ்ரீரங்கத்தில் நடந்தது

1752இல் லாரன்ஸும் கிளைவும் திருச்சி வந்து சேர்ந்ததும் நிலைமை மாறியது. பிரெஞ்சுத் தளபதி ஜாக் லா பயந்துகொண்டு, காவிரியைத் தாண்டி எங்கள் தீவுக்குள் வந்துவிட்டார். பிரெஞ்சுக்காரர்களும் சந்தா சாகிப்பின் ஆட்களும் ஸ்ரீரங்கம், திருவானைக்காவல் கோயில் மதில்களுக்குள் தங்கினார்கள். நான் தினமும் காலையில் நடக்கிற வீதிகளில் அன்று பீரங்கி வண்டி நின்றிருக்கிறது.

தீவு பாதுகாப்பு என்று நினைத்தார்கள். தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம். ஆனால் இரண்டு கரையையும் எதிரி பிடித்துவிட்டால் தீவு ஜெயிலாகிவிடும். கிளைவ் கொள்ளிடத்துக்கு வடக்கே போய் உட்கார்ந்துகொண்டார். இவர்களை மீட்க டூப்ளே அனுப்பிய படை, பெரம்பலூருக்கு அந்தப் பக்கம் வாலிகண்டபுரத்தில் கிளைவிடம் சரணடைந்தது. தீவுக்குள் சாப்பாடு தீர்ந்தது. சந்தா சாகிப், உயிருக்கு உத்தரவாதம் என்ற வாக்கை நம்பித் தஞ்சாவூர்த் தளபதி மானாஜியிடம் போனார். மானாஜி அவர் தலையை வெட்டினார். 1752 ஜூனில் ஜாக் லா எண்ணூறு பேர் அளவிலான பிரெஞ்சு வீரர்களோடு இங்கேயே சரணடைந்தார்.

சரி, முகமது அலி ஜெயித்துவிட்டார் என்று நினைப்பீர்கள். அங்கேதான் அடுத்த பில் வந்தது. மைசூர் நஞ்சராஜாவை உதவிக்குக் கூப்பிட்டபோது, ஜெயித்தால் திருச்சியையே தருகிறேன் என்று இவர் ரகசியமாக வாக்குக் கொடுத்திருந்தார். கையில் இருந்த ஒரே ஊர் அதுதான். அதையே ஒருவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு அதைக் காப்பாற்றச் சொல்லியிருக்கிறார்! நஞ்சராஜா வந்து கேட்டபோது சாக்குப் போக்கு சொன்னார். கோபித்துக்கொண்ட மைசூர்ப் படை பிரெஞ்சுக்காரர்களோடு சேர்ந்தது. 1753இல் இன்று ரயில்வே பணிமனை இருக்கும் பொன்மலையில் சண்டை. 1755இல் நஞ்சராஜா வெறுங்கையோடு ஊர் திரும்பினார். அந்த மைசூர்ப் படைத் தலைவர்களில் ஒருவர் ஹைதர் அலி. கால் நூற்றாண்டு கழித்து, 1780இல், அவர் பெரும்படையோடு கர்நாடகச் சீமைக்குள் இறங்கியபோது ஊர் ஊராக எரிந்தது.

முத்திரையைப் பற்றிய வழக்கு

இந்த நடுவில் 1754 ஜனவரியில் சதுரங்கப்பட்டினத்தில் ஒரு சமாதானப் பேச்சு நடந்தது. கல்பாக்கத்துக்குப் பக்கத்து ஊர். சண்டை இங்கே, பேச்சு முழுக்கக் காகிதத்தைப் பற்றி. பிரெஞ்சுக்காரர்கள் கட்டுக்கட்டாகச் சன்னதுகளை எடுத்து வைத்தார்கள். அதெல்லாம் போலி என்றார்கள் ஆங்கிலேயர்கள். முகமது அலியை நவாப் என்று ஒத்துக்கொள்ளுங்கள் என்றார்கள் இவர்கள். முடியாது என்றார்கள் அவர்கள். பேச்சு முறிந்தது.

படிக்கும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. கடன் பிரிவில் இப்படி எத்தனை பார்த்திருக்கிறேன்! ஒரே நிலத்துக்கு இரண்டு பட்டா, இரண்டிலும் சீல். கடைசியில் நிலத்தை யார் உழுகிறார் என்று போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்வார் மேனேஜர்.

வந்தவாசியில் 1760இல் பிரெஞ்சுக்காரர்கள் தோற்றார்கள். 1761இல் பாண்டிச்சேரியே விழுந்தது. 1763 பிப்ரவரியில் பாரிஸ் உடன்படிக்கை. இங்கிலாந்து, பிரான்ஸ், ஸ்பெயின் ராஜாக்கள் உலகத்தைப் பங்கு போட்ட அந்த உடன்படிக்கையின் 11ஆவது ஷரத்தில் நம் ஊர்க்காரர் பெயர் வருகிறது. முகமது அலியே கர்நாடகத்தின் சட்டபூர்வமான நவாப், சலாபத் ஜங்கே தக்காணத்தின் சட்டபூர்வமான சுபேதார் என்று இரண்டு வல்லரசுகளும் ஏற்றுக்கொண்டன. அதற்கு மேல் ஓர் அங்கீகாரம் அந்தக் காலத்தில் யாருக்குக் கிடைத்திருக்கும்?

அந்த ஷரத்திலேயே ஒரு வேடிக்கை உண்டு. பாரிஸில் கையெழுத்துப் போட்ட அன்று சலாபத் ஜங் எங்கே இருந்தார்? ஜெயிலில். முந்தின வருஷமே அவருடைய தம்பி நிஜாம் அலி அவரைப் பதவியிலிருந்து இறக்கி அடைத்துவிட்டார். அதே 1763இல் அவர் செத்தும் போனார். ஐரோப்பா முழுவதும் ஒத்துக்கொண்ட சுபேதாருக்கு ஜெயில் கதவைத் திறக்க அந்தக் காகிதம் பயன்படவில்லை.

பற்று வரவு

முகமது அலி ஜெயிலுக்குப் போகவில்லை. பட்டத்துக்கு மேல் பட்டம் வந்தது. 1765இல் டில்லி பாதுஷா ஷா ஆலம், இவர் இனி ஹைதராபாத்துக்குக் கட்டுப்பட்டவர் அல்ல என்று பர்மான் கொடுத்தார். சேப்பாக்கத்தில் அரண்மனை எழும்பியது. 1770இல் ஜார்ஜ் ராஜாவின் கடிதத்தோடும் பரிசுகளோடும் சர் ஜான் லிண்ட்சே தூதராக வந்தார். தன்னை இங்கிலாந்து ராஜாவுக்குச் சமமான நட்பு அரசர் என்று நவாப் நம்பினார்.

கம்பெனியின் கணக்குப் புத்தகத்தில் அவர் ஒரு கடன்காரர். அவ்வளவுதான். இத்தனை வருஷப் படைச் செலவும் அவர் பற்றில் இருந்தது. அவருடைய கோட்டைகளில் கம்பெனிப் பட்டாளம் இருந்தது, அதற்குச் சம்பளமும் அவர் பற்றில். அந்தக் கடனை அடைக்கச் சென்னை வெள்ளைக்காரர்களிடம் தனிக் கடன் வாங்கினார். முதலில் நூற்றுக்கு இருபதுக்கும் மேல் வட்டி. கடன் கொடுத்தவர்களில் பலர் கம்பெனி உத்தியோகஸ்தர்களே. பகலில் கம்பெனி சார்பில் பாக்கியைக் கேட்பார்கள். சாயங்காலம் அதைக் கட்ட அவர்களே வட்டிக்குக் கொடுப்பார்கள்.

ஈடு என்ன? ஜில்லா ஜில்லாவாக வரி வசூல். நாற்று நடுவதற்கு முன்னாலேயே அந்த வருஷ விளைச்சலின் வரி யாராவது ஒரு துரைக்கு எழுதிக் கொடுக்கப்பட்டிருக்கும். கடன்காரர்களைச் சமாளிக்கப் புது வருமானம் வேண்டும் என்று 1773இல் கம்பெனிப் படையை வைத்துத் தஞ்சாவூரைப் பிடித்தார். 1776இல் லண்டன் உத்தரவுப்படி அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. தஞ்சாவூர் விளைச்சல் மேல் பால் பென்ஃபீல்ட் என்கிற கம்பெனி உத்தியோகஸ்தர் கொண்டாடிய பாத்தியதைதான், கவர்னர் பிகாட்டை அவருடைய சொந்தக் கவுன்சில் உறுப்பினர்களே கைது செய்யும் அளவுக்குப் போனது. பிகாட் காவலிலேயே இறந்தார். 1785இல் எட்மண்ட் பர்க், நவாப் கடன்களைப் பற்றிப் பார்லிமெண்டில் பேசிய பேச்சு இன்றும் படிக்கப்படுகிறது.

1795இல் முகமது அலி காலமானார். அவரை அடக்கம் செய்தது திருச்சியில்தான். 1801இல் அவர் மகனும் போனபின், திப்புவோடு ரகசியக் கடிதப் போக்குவரத்து இருந்தது என்று காரணம் சொல்லிக் கம்பெனி நிர்வாகம் முழுவதையும் எடுத்துக்கொண்டது. திருச்சிக்குக் கலெக்டர் வந்தார். பிற்பாடு தனியார் கடன்களை விசாரிக்க ஒரு கமிஷன் போட்டார்கள். வந்த கோரிக்கைகள் மொத்தம் 3 கோடி பவுனுக்கு மேல். நியாயமான கடன் என்று தேறியது அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை! 1855இல் வாரிசு இல்லை என்று நவாப் பட்டத்தையும் எடுத்துவிட்டார்கள். 1867இல் அந்தக் குடும்பத்துக்கு ஆற்காடு இளவரசர் என்று ஒரு பட்டம் கிடைத்தது. அது இன்றும் இருக்கிறது.

அவர் கையில் இருந்தது காவிரிப் பாசன பூமி. அதன் வரியில் படையைக் கட்டி, அதிகாரிகளை வைத்து, குடியானவனைக் கொஞ்சம் மூச்சுவிட வைத்திருந்தால் காகிதம் இல்லாமலே நின்றிருக்கலாம். அங்கீகாரம் கிடைத்த நாளில் வருமானம் அவருடையதாக இல்லை. நான் இதை இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

தைவான் கணக்கு

இப்போது மருமான் போகப்போகிற ஊருக்கு வருகிறேன். அங்கே கதை தலைகீழாக நடந்திருக்கிறது.

1949இல் சீனாவில் தோற்ற சியாங் கை-ஷேக், அரசாங்கத்தோடு தைவானுக்கு ஓடி வந்தார். நம் நவாப் ஆம்பூரிலிருந்து ஓடி வந்த மாதிரி. ஆனால் அவரிடம் அப்போது அங்கீகாரம் நிறைய இருந்தது. ஐக்கிய நாடுகள் சபையில் சீனாவின் நாற்காலி, பாதுகாப்புக் கவுன்சிலில் நிரந்தர இடம், பக்கத்துணைக்கு அமெரிக்கா. சட்டபூர்வமான சீன அரசு நான்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தார். இந்தியாவோ 1949 டிசம்பர் கடைசியிலேயே பீஜிங்கை அங்கீகரித்துவிட்டது.

வித்தியாசம் என்னவென்றால், அந்த அரசு முதலில் நிலத்தைக் கவனித்தது. 1949இல் குத்தகை விளைச்சலில் 37.5 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று உச்சவரம்பு வைத்தது. 1953இல் உழுபவனுக்கு நிலம். 1965இல் அமெரிக்கப் பொருளாதார உதவி நின்றது. அடுத்த வருஷமே காவ்சியுங் துறைமுகத்தில் ஏற்றுமதி மண்டலம் திறந்தார்கள். செருப்பு, துணி, ரேடியோ என்று ஆரம்பித்தார்கள்.

அப்புறம்தான் அங்கீகாரம் போக ஆரம்பித்தது. 1971இல் ஐ.நா. நாற்காலி பீஜிங்குக்குப் போனது. 1979இல் அமெரிக்காவே கைவிட்டுவிட்டு பீஜிங்கோடு உறவு வைத்துக்கொண்டது. இன்று தைவானை நாடு என்று ஒத்துக்கொள்பவர்கள் வாடிகனையும் சேர்த்து ஒரு டஜன்தான். ஒலிம்பிக்ஸில் 'சீன தைபே' என்று நடக்கிறார்கள். 2002இல் உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்ததும் 'தனிச் சுங்கப் பிரதேசம்' என்ற பெயரில்.

ஆனால் கணக்குப் புத்தகத்தைப் பாருங்கள். 1980இல் மருமான் போகிற சின்ச்சுவில் அறிவியல் பூங்கா. 1987இல் மோரிஸ் சாங் அங்கே டிஎஸ்எம்சி கம்பெனியைத் தொடங்கினார். உலகத்திலேயே மிக நுண்ணிய சிப்புகளில் பெரும்பகுதி இன்று அந்தத் தீவில் தயாராகிறது. 2.3 கோடி ஜனத்தொகை. அந்நியச் செலாவணிக் கையிருப்பு 50,000 கோடி டாலருக்கு மேல். அரசியலிலும் 1987இல் ராணுவச் சட்டத்தை எடுத்தார்கள். 1996இல் ஜனங்களே நேரடியாக ஓட்டுப் போட்டு ஜனாதிபதியைத் தேர்ந்தெடுத்தார்கள். எங்கள் நவாப் திருச்சிக் குடியானவனை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

எம்பஸி இல்லையே என்றாள் தங்கை. எம்பஸி என்ற பெயர்ப்பலகை இல்லை. தைபேயில் 1995இலிருந்து இந்தியா-தைபே சங்கம் என்று நம் அலுவலகம் இருக்கிறது. சென்னையில் 2012இலிருந்து அவர்களுடைய பொருளாதார, கலாச்சார மையம் இருக்கிறது. விசா அங்கே வாங்கலாம். பெரம்பலூர் பக்கம் எறையூர் சிப்காட்டில் தைவான் கூட்டோடு செருப்புத் தயாரிக்கிறார்கள். பிரெஞ்சுப் படை சரணடைந்த வாலிகண்டபுரம் அங்கிருந்து அதிக தூரம் இல்லை.

இத்தோடு நிறுத்தினால் நான் பாதிக் கணக்கைத்தான் சொன்னவன் ஆவேன். தைவானும் தீவு. ஸ்ரீரங்கத்தில் ஜாக் லாவுக்கு நடந்ததை மறக்கக்கூடாது. பெட்ரோல், எரிவாயு, நிலக்கரி எல்லாம் கப்பலில் வரவேண்டும். 130 கிலோமீட்டர் கடலுக்கு அந்தப் பக்கம், தேவைப்பட்டால் பலத்தையும் பயன்படுத்துவேன் என்று 2005இல் சட்டமே போட்டு வைத்திருக்கிற சீனா. அதே சீனாதான் பல வருஷமாக அவர்களுடைய பெரிய வாடிக்கையாளரும். பாதுகாப்புக்கு அமெரிக்காவிடம் ஆயுதம் வாங்குகிறார்கள். அமெரிக்காவோ, சிப் தொழிற்சாலையை எங்கள் ஊரில் வந்து கட்டு என்று கேட்கிறது. அரிசோனாவில் கட்டியும் ஆயிற்று. காப்பாற்றுகிறவனின் பில் இப்படித்தான் ஆரம்பிக்கும். அது தவணையோடு நிற்கிறதா, வருமானத்தின் வேருக்கே போகிறதா என்பதைத்தான் நான் கவனித்துக்கொண்டிருப்பேன். அங்கே கருத்துக்கணிப்பு எடுத்தால், பெரும்பாலானவர்கள் சுதந்திரப் பிரகடனமும் வேண்டாம், சீனாவோடு இணைப்பும் வேண்டாம், இப்படியே இருக்கட்டும் என்கிறார்கள். கோழைத்தனம் என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பட்டத்துக்கு ஆசைப்பட்டுப் பட்டறையை இழக்க அவர்களுக்கு மனசில்லை.

"அப்போ அனுப்பலாமா, கூடாதா? அதைச் சொல்லு" என்றாள் தங்கை. காபி ஆறிப்போயிருந்தது.

"பேங்க்கார பாஷையில் சொன்னால், மூன்று வருஷக் கடன் கொடுப்பேன். முப்பது வருஷத்துக்குக் கேட்டால் யோசிப்பேன்" என்றேன். போனதும் இந்தியா-தைபே சங்கத்தில் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும். சம்பளத்தில் மிச்சம் பிடிப்பதை அங்கேயே முடக்காமல் இங்கே அனுப்ப வேண்டும். வீடு, நிலம் என்று அங்கே அவசரப்பட வேண்டாம். இதுதான் நான் சொன்னது. ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. அவளும் அதைக் கவனித்தாள்.

"நீ தைரியமா அனுப்புன்னு சொல்லுவேன்னு நினைச்சேன்" என்றாள்.

சொல்லியிருக்கலாம்தான். சொந்தப் பிள்ளை மாதிரி வளர்ந்தவன் விஷயத்தில் பொய்யாகத் தைரியம் சொல்ல வரவில்லை.

ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் ஏற்றிவிடப் போனேன். சத்திரம் பஸ் ஸ்டாண்ட் வரை நானும் கூடவே போனேன். தெப்பக்குளம் பக்கத்தில் கிளைவ் இருந்ததாகச் சொல்லும் வீட்டைக் காட்டினேன். இன்று அது காலேஜ் ஹாஸ்டல். மாடியில் பையன்கள் துணி உலர்த்தியிருந்தார்கள். நான்கு நாள் கழித்து மருமான் போன் செய்தான். "மாமா, கையெழுத்துப் போட்டுட்டேன். அம்மா சரின்னுட்டா" என்றான். ஒப்பந்தத்தில் முன்கூட்டியே விலகினால் என்ன அபராதம் என்று பார்த்தாயா என்று கேட்டேன். பார்க்கவில்லையாம். வரும் ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.

முற்றுகைக் காலத்தில் புதுக்கோட்டையிலிருந்து அரிசி வந்த கதை தனியாக எழுத வேண்டிய விஷயம். அதை அடுத்த பதிவில் எழுதுகிறேன்.